ஒரு ரப், 18 பிள்ளையள்: கழித்தல் விளங்க எந்த விளையாட்டு?

தென்மராட்சி_ரீச்சர்

வணக்கம். சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 3 படிப்பிக்கிறன். நியமனம் கிடைச்சு இது இரண்டாவது வருசம். வகுப்பில 18 பேர். போன தவணை, கனடாவில இருக்கிற பழைய மாணவர் ஒருத்தர் எங்கட ஆரம்பப்பிரிவுக்கு ஒரு ரப் (தொடுதிரை ரப்லெற்) வாங்கித் தந்தவர். ஒண்டே ஒண்டு. வைபை இல்லை. தேவையெண்டால் என்ர போனில ஹொட்ஸ்பொட் போடுறன்.

இலவசமாக் கிடைச்ச ஒரு கணக்கு விளையாட்டை இறக்கினன். திரையில கணக்கு வரும், நாலு பலூன் மிதக்கும், சரியான விடை இருக்கிற பலூனைத் தொட்டால் அது வெடிச்சு நட்சத்திரம் விழும். பிள்ளையளுக்குச் சரியான விருப்பம். இடைவேளை மணி அடிச்சும் எழும்பாமல் இருந்தினம். கணக்கு எண்டவுடன மேசைக்குக் கீழ குனியிற ஒரு பெடியன் கூட "ரீச்சர், எனக்கு எப்ப?" எண்டு கேட்டவன். மூண்டு கிழமையும் நான் சந்தோசமாத்தான் வீட்ட போனனான்.

பேந்து கொப்பியில 43 − 17 குடுத்தன். 11 பேர் 34 எண்டு எழுதியிருந்தினம். அதில அரைவாசிப் பேர் பலூனில 50 நட்சத்திரத்துக்கு மேல எடுத்த பிள்ளையள். அதுக்குப் பிறகுதான் கிட்ட இருந்து வடிவாப் பார்த்தன். நாலு பலூனையும் ஒண்டு மாறி ஒண்டு தொடுகினம், எது வெடிக்குதோ அது சரி. ஒருத்தர் தொட, பின்னால மூண்டு பேர் தோளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். கணக்கை ஒருத்தரும் பார்க்கேல்லை. நடுவில சூதாட்ட விளம்பரம் ஒண்டு வந்து, ஒரு பிள்ளை அதையும் தொட்டிட்டுது. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரையே வரேல்லை.

இன்னொண்டு. "தொண்ணூற்றைந்து எழுதுங்கோ" எண்டு சொன்னால் சிலர் 105 எண்டு எழுதுகினம், இரண்டு பேர் 905 எண்டு எழுதுகினம். எழுபத்தைந்து, எண்பத்தைந்து எல்லாம் பிழைக்கிறேல்லை.

ரப்பை அலுமாரியில வைச்சுப் பூட்ட எனக்கு மனமில்லை. நெற் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், இங்கிலிஸ் வாசிக்கத் தேவையில்லாமல் ஏதும் இருக்கோ? ஒண்டை வைச்சுக்கொண்டு 18 பேரை எப்பிடி நடத்துறது? "வீட்டில போன் குடுக்காதேங்கோ எண்டு சொன்னதும் நீங்கள்தானே ரீச்சர்" எண்டு சில தாய்மார் கேக்கினம். அவைக்கு என்ன சொல்லுறது?

---

சுன்னாகம்_கணினி

ரீச்சர், அந்த விளையாட்டை இண்டைக்கே அழிச்சு விடுங்கோ. விளம்பரத்தால காசு உழைக்கிற செயலிக்கு உங்கட பிள்ளை யோசிக்கிறது தேவையில்லை, தொட்டுக்கொண்டே இருந்தால் காணும்.

இரண்டு மென்பொருளின்ர பேர் சொல்லுறன். முதலாவது ஜிகொம்ப்ரி (GCompris). 2000 ஆம் ஆண்டு தொடங்கின கட்டற்ற மென்பொருள், 2 வயது தொடக்கம் 10 வயது வரைக்கும். பிரெஞ்சில "எனக்கு விளங்கிட்டுது" எண்டு சொல்லுற மாதிரி ஒலிக்கிற பேர் அது. விளம்பரம் கிடையாது, ஒருக்கா இறக்கினால் நெற் தேவையில்லை. கனக்க விளையாட்டு இருக்கு. உங்கட வகுப்புக்குத் தராசு, மணிக்கூடு, தங்கிராம் மூண்டையும் பாருங்கோ. தராசில இரண்டு பக்கமும் சமனாக்கிறதுக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தேவையில்லை.

இரண்டாவது ஃபெற் (PhET), திரையில தொட்டு இழுத்துச் செய்து பார்க்கிற பாடங்கள். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002 இல கொலராடோ பல்கலைக்கழகத்தில தொடங்கினது. விஞ்ஞானத்துக்கெண்டு வந்தது, இப்ப சின்ன வகுப்புக் கணக்குக்கும் இருக்கு. ஒவ்வொண்டும் ஒரு தனிக் கோப்பு. வீட்டில இறக்கி மெமரி காட்டில போட்டுக்கொண்டு போகலாம், பிரவுசரில திறக்கும். பத்து ஆக்கிற விளையாட்டு ஒண்டு அதில இருக்கு: 27 ஐ விரலால இழுத்தால் 20 உம் 7 உமாப் பிரியும், திரும்ப ஒண்டுக்கு மேல ஒண்டை வைச்சால் 27 ஆகும். நட்சத்திரத்துக்கு ஓடாமல் சும்மா பிரிச்சுச் சேர்த்துப் பார்க்கவும் விடும். அதாலதான் எனக்கு அதில விருப்பம்.

ரப்பை பிளைட் மோட்டில போட்டு, திரையை ஒரு செயலியோட பூட்டிற வசதியையும் செற்றிங்சில போட்டு விடுங்கோ. பிள்ளையள் வெளியில போகேலாது.

---

ஈர்க்குக்கட்டு

தங்கச்சி, உங்கட 34 ஐப் பார்த்ததும் உடனே எழுத வேண்டும்போல இருந்தது. 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து, இப்போது கோண்டாவிலில் இளைப்பாறி இருக்கிறேன். அந்த 34 எனக்கு நல்ல பழக்கமான எண்.

11 பேர் ஒரே பிழையை விட்டிருக்கிறார்கள் என்றால் அது கவனயீனம் இல்லை. கவனயீனம் என்றால் ஒருவர் 27, ஒருவர் 36, ஒருவர் 25 என்று சிதறும். நாளைக்கு 52 − 38 கொடுத்துப் பாருங்கோ. அதே பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தைக் கழி. 7 இல் இருந்து 3, 4. நாலில் இருந்து 1, 3. விடை 34. விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள், விதிதான் பிழை. அதைக் கொடுத்ததும் நாங்கள்தான். "சின்னனிலிருந்து பெரிசைக் கழிக்கேலாது" என்று தரம் 2 இல் சொல்லுகிறோம். நானும் கனகாலம் சொன்னேன். பிள்ளை அதை அப்படியே நம்பி, கழிக்கக்கூடிய பக்கமாகத் திருப்பிக் கழிக்கிறது.

உங்கட பலூனுக்கு இது தெரியாது. 34 ஐத் தொட்டால் வெடிக்காது, அவ்வளவுதான். பிள்ளை அடுத்ததைத் தொடும். நாலு தரம் தொட்டால் எப்படியும் ஒரு நட்சத்திரம் கிடைக்கும், விதி தலைக்குள் அப்படியே இருக்கும்.

1978 இல் அமெரிக்காவில் ஜோன் சீலி பிரவுண், ரிச்சட் பேர்ட்டன் என்ற இருவர் இதே பிழைகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதற்காக ஒரு கணினி விளையாட்டும் செய்திருந்தார்கள், பெயர் பகி. அதில் கணினிதான் பிள்ளை. பிழையான விதி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு அது கணக்குச் செய்யும். ஆசிரியர் வேறு வேறு கணக்குகளைக் கொடுத்து அந்த விதி என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, அடுத்த கணக்குக்கு அந்தப் பிள்ளை என்ன பிழை விடையை எழுதும் என்று சொல்ல வேண்டும். கணினி விளையாட்டு என்று நான் அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இத்தனைக்கும் நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. செய்தியை ஒரு கருத்தரங்கில் கேட்டுக்கொண்டு வந்து, அடுத்த கிழமையே வகுப்பில் பனையோலையால் செய்துவிட்டேன்.

பனையோலைக் கிளி ஒன்று. கிளி என் கையில் இருக்கும், கரும்பலகையில் கணக்குச் செய்யும், எப்போதும் ஒரே மாதிரிப் பிழை விடும். பிள்ளைகள் "பிழை! பிழை!" என்று கத்தக்கூடாது. கிளி என்ன நினைக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு நான் புதுக் கணக்கு எழுதுவேன், கிளி என்ன விடை சொல்லும் என்று அவர்கள் கொப்பியில் எழுதி மறைத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பு கிடக்கும் அமைதியைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. தன் பிழையைக் கிளியிடம் காணும் பிள்ளைக்கு வெட்கம் இல்லை. "கிளிக்குத் தெரியாது ரீச்சர், நான் சொல்லிக் குடுக்கவோ?" என்று வரும்.

ஆனால் கிளிக்கு முதல் ஈர்க்கு. ரப்புக்கும் முதல் ஈர்க்கு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து 50 ஈர்க்கு கொண்டுவரட்டும், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கினால் போதும். பத்துப் பத்தாக றப்பர் பான்ட் போட்டுக் கட்டு. 43 என்றால் நாலு கட்டு, மூன்று தனி. "எனக்குப் பதினேழு தா" என்று கையை நீட்டுங்கோ. பிள்ளை மூன்று தனியையும் எடுக்கும், பிறகு நிற்கும். அந்த நிற்கிற நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது, தங்கச்சி. எனக்கு அதைப் பழக ஏழெட்டு வருடம் எடுத்தது. சில பிள்ளை ஒரு நிமிடம் நிற்கும். ஒருவன் என் முகத்தைப் பார்த்து, கட்டைப் பார்த்து, மெதுவாக றப்பர் பான்டைப் பல்லால் கடித்துக் கழற்றினான். அன்றைக்கு அவனுக்குக் கழித்தல் வந்துவிட்டது.

இதில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லுவேன். "பக்கத்தில கடன் எடு" என்கிறோம். ஒரு பெண் பிள்ளை என்னைக் கேட்டாள், "எப்ப ரீச்சர் திருப்பிக் குடுக்கிறது?" சரியான கேள்வி. ஒருவரும் ஒன்றும் கடன் வாங்கவில்லை. நாலு கட்டும் மூன்று தனியும் இருந்தது, இப்போது மூன்று கட்டும் பதின்மூன்று தனியும் இருக்கிறது. அதே 43 தான். அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் "கட்டை அவிழ்" என்றுதான் சொன்னோம்.

உளவியலாளர் ஜெரோம் புறூணர் 1966 இல் எழுதியதை நாங்கள் பயிற்சியில் படித்திருப்போம்: முதலில் கையால் செய்வது, பிறகு படம், பிறகு குறியீடு. ரப் அந்த நடு இடத்துக்கு உரியது. கையால் கட்டை அவிழ்த்த பிள்ளைக்கு, 27 ஐ இழுத்து 20 உம் 7 உம் ஆக்குவது தான் ஏற்கனவே செய்த வேலையின் படம். அவிழ்க்காத பிள்ளைக்கு அது திரையில் நடக்கும் ஒரு மாயம்.

18 பேரை ஆறு ஆறாகப் பிரியுங்கோ. ஒரு குழு ஈர்க்கோடு, ஒரு குழு உங்களோடும் கிளியோடும், ஒரு குழு பாயில் ரப்போடு. 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். ரப்புக் குழுவில் ஒருவர் தொடுவார், ஒருவர் தொடுவதற்கு முதல் ஏன் என்று சொல்லுவார், ஒருவர் கொப்பியில் எழுதுவார், மற்ற மூவரும் அந்த விடையை ஒப்புக்கொள்ள வேண்டும். வாய் சொல்லாமல் விரல் தொடக்கூடாது. இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஒருநாளும் விட்டுக்கொடாதேங்கோ. ஆளுக்கொரு ரப் இருந்திருந்தால் இந்தக் கதை வகுப்பில் நடக்காது, ஒவ்வொருவரும் தன்பாட்டில் குனிந்திருப்பார்கள். ஒன்றுதான் கிடைத்தது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வேகமாக விடை சொல்லும் விளையாட்டுகள் வாய்பாடு விளங்கிய பிறகு சரி. ரக்ஸ் மத் (Tux Math) என்று ஒன்று, மேலிருந்து எரிகற்கள் விழ விடையைத் தட்டிச் சுடுவது, தரம் 5 பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். விளங்காத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் பயம்தான் வளரும். காசு எண்ணும் விளையாட்டு எதுவும் வேண்டாம், பெரும்பாலும் டொலரும் சதமுமாகவே இருக்கும். எங்கட 20, 50, 100 ரூபாய்த் தாள்களை ஒற்றையில் வரைந்து கடை வையுங்கோ.

தொண்ணூறு பற்றி. இருபதிலிருந்து எண்பது வரைக்கும் எங்கட எண்ணுப் பெயர்கள் ஒழுங்கானவை. எழுபது என்றால் ஏழு பத்து, எண்பது என்றால் எட்டுப் பத்து, காதால் கேட்டே இடப்பெறுமானம் விளங்கும். இங்கிலிஸ் பிள்ளைக்கு லெவினும் ருவெல்வும் தனித்தனியே பாடமாக்க வேண்டிய சொற்கள், எங்கட பிள்ளைக்குப் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும். ஆனால் ஒன்பதுக்கு வந்ததும் கதை மாறும். ஒன்பது பத்துக்குப் பெயர் தொண்ணூறு, அதற்குள் நூறு ஒலிக்கிறது. ஒன்பது நூறுக்குப் பெயர் தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம். உங்கட பிள்ளைகள் காதில் விழுந்த நூறைத்தான் எழுதியிருக்கிறார்கள், நல்ல காது. எந்த வெளிநாட்டுச் செயலியும் இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் இந்தச் சிக்கல் தமிழில்தான் இருக்கிறது. என் அக்காவின் பேரன், பிள்ளைகளே விளையாட்டுச் செய்யக்கூடிய ஸ்க்ராட்ச் (Scratch) என்ற மென்பொருளில் ஒரு சின்ன விளையாட்டுச் செய்து தந்தான். 80 இலிருந்து 100 வரைக்கும் நானே சொல்லிப் பதிந்தேன். என் குரல் ஒரு எண்ணைச் சொல்லும், பிள்ளை பத்தினிடத்திலும் ஒன்றினிடத்திலும் இலக்கங்களை இழுத்து வைக்க வேண்டும். ஒரு பின்னேரத்து வேலை. ஸ்க்ராட்ச் 2007 இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நெற் இல்லாமலும் ஓடும். உங்கட குரலில் செய்யுங்கோ, பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம்.

---

நல்லூரடி_அம்மா

நானும் அப்பிடிக் கேக்கிற தாய்தான் ரீச்சர். கோவிக்காதேங்கோ. மகள் தரம் 4. அடுத்த வருசம் புலமைப்பரிசில். இரண்டு இடத்தில ரியூசன். பின்னேரம் வந்து போனைத் தந்தால்தான் சாப்பிடுவன் எண்டு நிண்டால் எங்களுக்கு வேற வழி தெரியுதில்லை. பள்ளிக்கூடத்திலயும் விளையாட்டு எண்டு கேள்விப்பட்டால் நெஞ்சு பதைக்குதுதான்.

ஆனால் இதை வாசிச்சுப்போட்டு நேற்று மகளைக் கேட்டன், காற்பங்கு பெரிசோ, மூன்றில் ஒன்று பெரிசோ எண்டு. "4 பெரிசு, அப்ப காற்பங்குதான் பெரிசு" எண்டவள். மூண்டு மாதமாப் பின்னம் படிக்கிற பிள்ளை. நான் பேசேல்லை. இரண்டு தோசையைச் சுட்டுப் போட்டு, ஒண்டை நாலாக் கிழி, மற்றதை மூண்டாக் கிழி எண்டன். அவள் கிழிச்சுக்கொண்டிருக்கேக்கையே "ஐயோ அம்மா" எண்டாள். பிறகுதான் சுன்னாகம் தம்பி சொன்ன அந்த ஃபெற்றில பின்னத்தை எடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து இருந்து பார்த்தம். 15 நிமிசம். போனைத் தானாவே திருப்பித் தந்தவள்.

எங்களுக்கு நீங்கள் சொல்லவேண்டியது இதுதான் ரீச்சர்: எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம், பக்கத்தில இருந்து என்ன கேக்கவேணும். ஒரு துண்டில எழுதி விடுங்கோ. நாங்கள் செய்வம்.

---

நெடுந்தீவு_சேர்

குறிகட்டுவானில படகுக்கு நிண்டுகொண்டு எழுதுறன், சுருக்கமாச் சொல்லுறன்.

என்னட்ட தரம் 3 உம் 4 உம் ஒரே அறையில. ரப் இல்லை, என்ர போன்தான். நான் அதில ஒரு செயலியும் பாவிக்கிறேல்லை, கமராவைத்தான் பாவிக்கிறன். ஒரு பிள்ளை ஈர்க்குக் கட்டை அவிழ்த்துக் கழிக்கேக்க கையை மட்டும் 20 செக்கன் வீடியோ எடுப்பன். மற்றக் குழுவுக்கு அதைச் சத்தமில்லாமல் போட்டுக்காட்டி, "இவர் என்ன கணக்குச் செய்தவர்?" எண்டு கேப்பன். பார்த்து, திருப்பிப் பார்த்து, கணக்கை அவையளே எழுதோணும். தன்ர கையைத் திரையில பார்க்கிற பிள்ளையின்ர முகத்தை ஒருக்காப் பாருங்கோ ரீச்சர்.

மற்றது தாயம். நிலத்தில பத்துக்குப் பத்துக் கட்டம் கீறி, 99 இல தொடங்கி 0 க்கு வாறது. ஆறு சோகி (சோழி) உருட்டினால் நிமிர்ந்தது எத்தனையோ அத்தனை கழிக்கோணும். ஒண்டும் நிமிராட்டில் 10 எண்டு வைச்சிருக்கிறம். முதல் இரண்டு நாளும் 10 விழுந்தால் பத்துக் கட்டத்தையும் எண்ணிக்கொண்டு போவினம். மூண்டாம் நாள் ஒருத்தர் நேரா ஒரு வரிசை தாண்டி வைப்பார். மற்றவை "அலாப்பி! அலாப்பி!" (ஏமாத்துக்காரன்) எண்டு கத்துவினம். அந்தச் சண்டையை நான் தீர்க்கிறேல்லை. எண்ணிப் பார்த்து அவையளே தீர்ப்பினம்.

---

தென்மராட்சி_ரீச்சர்

இரண்டு கிழமைக்குப் பிறகு வாறன். எல்லாருக்கும் நன்றி.

அக்கா, 52 − 38 குடுத்தன். அந்த 11 பேரில 9 பேர் 26 எண்டு எழுதிச்சினம். நீங்கள் சொன்ன எண்ணைக் கொப்பியில காணேக்க எனக்கு மேல் சிலிர்த்தது. இவ்வளவு நாளும் இவையளுக்கு நான் "கவனம்" எண்டுதான் சிவப்புப் பேனையால எழுதிக் குடுத்தனான்.

ஈர்க்கு கட்டியாச்சு. கிளி செய்ய எனக்குத் தெரியேல்லை, ஒரு பிள்ளையின்ர அப்பம்மா செய்து விட்டவ, சிவப்புச் சாயம் போட்ட சொண்டோட. போன வியாழக்கிழமை கிளி 43 − 17, 52 − 38 இரண்டையும் செய்தது. பிறகு 71 − 46 எழுதினன். மேசைக்குக் கீழ குனியிற பெடியன் எண்டு சொன்னன் எல்லோ, அவன்தான் முதல் கையை உயர்த்தினவன். "கிளி 35 எண்டு சொல்லும். ஏனெண்டால் கிளிக்குக் கட்டை அவிழ்க்கத் தெரியாது." எனக்குக் கண் கலங்கிட்டுது, கரும்பலகையைத் துடைக்கிற மாதிரித் திரும்பி நிண்டன்.

ரப் இப்ப பாயில இருக்கு. "சொல்லிப்போட்டுத் தொடு" எண்டு அவையளே ஒருத்தரை ஒருத்தர் அதட்டுகினம். தாய்மாருக்குத் துண்டு எழுதி விட்டனான். நாலு பேர் வந்து வகுப்பில இருந்து பார்த்திட்டுப் போனவை. தொண்ணூறுக்கு என்ர குரலைப் பதிஞ்சு வைச்சிருக்கிறன், சுன்னாகம் அண்ணா அதை ஸ்க்ராட்ச்சில போட உதவுறன் எண்டு சொல்லியிருக்கிறார்.

இன்னும் நாலு பேருக்கு வரேல்லை. அவையளோட காலமையில 10 நிமிசம் தனிய இருக்கிறன். இப்ப ஒரு கேள்வி அக்கா: 103 − 27 எண்டு வந்தால் என்ன செய்யிறது? தனியில மூண்டுதான் இருக்கு, அவிழ்க்கிறதுக்குப் பத்துக் கட்டு ஒண்டும் இல்லை. நூறு ஈர்க்கையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாக் கட்டி வைச்சன். அவிழ்த்தவுடன வகுப்பு முழுக்கச் சிதறி, எண்ணுறதிலயே பாடம் முடிஞ்சுது.

---

ஈர்க்குக்கட்டு

பெரிய கட்டுக்குள் தனி ஈர்க்கு இருக்கக்கூடாது, தங்கச்சி. பத்துக் கட்டுகளை, அந்தந்த றப்பர் பான்டோடேயே சேர்த்து, வெளியில் தென்னோலையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கோ. ஓலையை அவிழ்த்தால் பத்துக் கட்டு வரும். அதில் ஒன்றை எடுத்து றப்பர் பான்டைக் கழற்றினால் பத்துத் தனி வரும். இரண்டு தரம் அவிழ்க்க வேண்டும் என்பதைக் கை முதலில் அறியட்டும். அந்த நாலு பேரையும் கொண்டே பெரிய கட்டைக் கட்டுவியுங்கோ.